வேரோடு ஒதுங்கும் தாழை

தொண்டி

அன்புள்ள செல்வராஜ் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அயர்லாந்தில் எரிபொருளாகப் பயன்படும் சதுப்பு மண்ணான கரிமண்ணை வெட்டுவதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததில் சதுப்புகளின் ஸ்பாக்னம் பாசி அருகி வருவதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து நம் கடல்தாழையின், அதாவது கடற்புல்லின், நிலையை உங்களுக்கு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

தாழையைப் பலரும் பாசி என்றே எண்ணுகிறார்கள். அது வேரும் தண்டும் உடைய பூக்கும் செடி; நீருக்கடியிலேயே பூத்து, பெரும்பாலும் நீரோட்டத்தின் உதவியால் மகரந்தம் சேர்ந்து காய்க்கிறது. மணலுக்குள் படர்ந்து ஓடும் அதன் தண்டுதான் கடலடி மண்ணை அலை அரித்துவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு முதன்மையான தீனி அதுவே. இறால் குஞ்சும் ஓரா மீனும் நண்டும் ஒதுங்கி வளர்வதும் அங்கேதான்.

கரையில் தாழை ஒதுங்குவது நமக்குப் புதிதன்று. ஆனால் நாம் சிறுவயதில் மிதித்து நடந்தவை பெரும்பாலும் பழுத்து உதிர்ந்த இலைகள். சென்ற வாரம், கடல் அமைதியாக இருந்த நாளில், ஒதுங்கிய குவியலிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பச்சை மாறாத இலைகள், அவற்றின் கீழே விரல் நீளத் தண்டு, கணுவுக்குக் கணு வெள்ளை வேர், வேரிடுக்கில் ஈர மணல். இலை போனால் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தண்டே பெயர்ந்துவிட்டால் அவ்விடம் வெறும் மணலாகிவிடும். புயலும் தாழையைப் பெயர்க்கும் என்பது உண்மைதான். புயலே இல்லாத வாரத்தில் இப்படி ஒதுங்கினால், அது கடலடியை வாரும் மடிவலைகளின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில்தான் தாழை உயிர் வாழ்கிறது. இழுவைமடியும் தள்ளுமடியும் கிளப்பும் கலங்கல் அதை மறைக்கிறது. இறால் பண்ணைகளின் கழிவுநீர் சேரும் இடங்களில் இலைமேல் பாசி படர்ந்து, மிஞ்சிய வெளிச்சத்தையும் தடுத்துவிடுகிறது.

2022இல் அரசு 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அது அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினத்தோடு, அதாவது நமக்கு வடக்கேயே, நின்றுவிட்டது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு 1986 முதல் தேசியப் பூங்கா என்ற காப்பு இருக்கிறது. இடையில் கிடக்கும் நம் கரையின் தாழைக்கும் அத்தகைய காப்பு வேண்டும். அது நாட்டுப்படகுக்காரர்களை வெளியேற்றுவதாக இல்லாமல், அவர்களையே காவலாக வைத்து அமைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூங்கில் சட்டத்தில் நார்க்கயிறு கட்டித் தாழை நடும் பணி தஞ்சைக் கரையில் நடந்திருக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் மடி இழுப்பது நிற்காத இடத்தில் நட்டது எத்தனை நாள் நிற்கும்?

அயர்லாந்தில் வடிகால்களை அடைத்துச் சதுப்பை மீட்கிறார்கள் அல்லவா? கரிமண்ணை நம்பிப் பிழைத்த குடும்பங்களை அதற்கு எப்படி இணங்கச் செய்தார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். இங்கே விசைப்படகுக்காரர்களிடம் பேசும்போது எனக்கு அது உதவும்.

அன்புடன்,
உங்கள் அந்தோணி