மனுவில் வசை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளின் ஒழுகும் கூரைகளைப் பற்றி நிர்வாகத்திடம் கொடுப்பதற்காக இளைஞர்கள் எழுதிய மனு வாசிக்கப்பட்டது. மூன்று பக்கங்களில் இரண்டரைப் பக்கம் வசை. எத்தனை வீடுகள் ஒழுகுகின்றன என்ற கணக்கு எங்குமே இல்லை. அமைதிப் போராட்டம் என்றால் கையை ஓங்காமல் இருப்பது மட்டுமே என்று நம் பிள்ளைகள் எண்ணிவிட்டார்களோ என்று மனம் வருந்தினேன்.

உப்புக்கு வரி விதித்த ஆங்கிலேய அரசின் உப்புச் சட்டத்தை மீறுவதற்கு முன், 1930 மார்ச் 2 அன்று காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம் ‘அன்புள்ள நண்பருக்கு’ என்றே தொடங்குகிறது. வைஸ்ராயின் ஒரு நாள் ஊதியம் 700 ரூபாய்க்கு மேல், சராசரி இந்தியரின் வருமானமோ 2 அணாவுக்கும் (16 அணா ஒரு ரூபாய்) குறைவு என்று அவரிடமே எடுத்துக்காட்டிய காந்தியடிகள், ஆட்சிமுறையைக் கடுமையாகச் சாடியபோதும் ஆளைப் பழிக்கவில்லை. தாம் புறப்படும் நாளைக்கூட மறைக்கவில்லை. அக்கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் ஓர் ஆங்கிலேய இளைஞரே. இர்வின் இணங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றவர்களுக்கு நியாயம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு காட்டிக் கொடுத்தது. உலை வைக்கும் எந்த வீட்டுக்கும் உப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை அல்லவா?

அன்றைய கூட்டத்தில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எழுந்து, “மழ பேஞ்சா எங்க வீட்டுல ஆறு வாளி வெக்கிறேன்யா, அத எழுதுங்க” என்றார். மனுவின் முதல் வரியாக அதையே வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். இளைஞர்கள் இப்போது வீடு வீடாகச் சென்று வாளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்