மூன்றாம் பருவ நிறைவு: பெற்றோர்க்குத் தலைமையாசிரியர் கடிதம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் பருவம் இவ்வாரத்தோடு நிறைவுறுகிறது. தேர்வுகள் குறித்தபடி நடந்தன. செப்டம்பர் 24 மரபு நாள் விழாவில் பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள், ஆடினார்கள். குறள் ஒப்புவித்தலில் எல்லா வகுப்புகளும் பங்கேற்றன. அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, பள்ளித் தோட்டத்துக் குளத்தைப் பற்றிச் சில சொற்கள்.

அதைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டிலும் ஒன்று அமைக்க விரும்புவதாகப் பெற்றோர் பலர் கூறியது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும் கடந்த சில வாரங்களில் நம் குளத்துத் தலைப்பிரட்டைகள் புட்டிகளில் வெளியே போயிருக்கின்றன. யாரும் அறியாமல் ஏழு தங்கமீன்களும் ஒரு கூடை ஆகாயத்தாமரையும் உள்ளே வந்திருக்கின்றன. நல்லெண்ணத்தோடும், ஒருவேளை புண்ணியம் கருதியும் செய்யப்பட்டதென்றே கொள்கிறேன். எனினும், அந்த மீன்கள் தவளை முட்டைகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மூன்று மாலைகள் வலையோடு நின்று அவற்றைப் பிடித்துத் தொட்டிக்கு மாற்றினோம். புரட்டாசியில் மீன் பிடித்த தலைமையாசிரியர் என்ற பெயர் எனக்கு மிச்சம்.

ஆகாயத்தாமரையின் பூ அழகுதான். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி ஹார்ட்பீஸ்போர்ட் அணையின் நீர்ப்பரப்பை எப்படி மூடியது என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் அதை வளர்ப்பதும் விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் குற்றம். நம் ஊர்த் தேரையையும் மறந்துவிடக் கூடாது: கரும்பு வண்டுகளை ஒழிக்கட்டும் என்று 1922இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்ட அத்தேரை அங்கே தீவெங்கும் பரவிவிட்டது, இந்நாட்டிற்குள்ளேயே கேப் டவுனிலும் அது வந்தேறி உயிரினமாகத்தான் எண்ணப்படுகிறது.

ஆகவே, வீட்டில் குளம் வெட்டுவோர் எதையும் பிடித்துவந்து விடவேண்டாம். இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் போதும். நடுவில் அறுபது சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். ஒரு கரையை மட்டும் கடற்கரைபோல் மெல்லச் சரியவிடுங்கள், ஏனெனில் செங்குத்தான கரையில் குட்டித் தவளை ஏறமுடியாமல் மூழ்கும், பறவையும் இறங்கிக் குளிக்க இடமிராது. இலை கொட்டும் மரத்தடி வேண்டாம். அரைநாள் வெயில் படும் இடமே நல்லது. கூரை மழைநீரால் நிரப்புங்கள். ஓரத்திற்கு இந்நாட்டு நாணல், நீருக்குள் நீலக்குவளை: நம் புலவர்கள் பெண்களின் கண்ணுக்கு உவமை சொன்ன அதே இனத்தின் ஒரு வகை இந்த நாட்டிலும் இயற்கையாகவே வளர்கிறது என்பதை நானே இங்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன்.

பிறகு காத்திருங்கள். முதலில் கொசுப்புழு வரும். அதற்காகவே மீன் விட்டதாக ஒரு தாயார் சொன்னார். சில வாரங்கள் பொறுத்தால் தும்பிகள் வந்து முட்டையிடும், அவற்றின் குஞ்சுகள் கொசுப்புழுக்களைத் தின்னும். மழை தொடங்கியபின் தவளைகள் தாமாகவே வழி கண்டுபிடித்து வரும். முதல் ஆண்டிலேயே வராவிட்டாலும் வருந்த வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில், குளத்தில் நீர் நிரம்புமுன் வேலியோ வலுவான கம்பிவலையோ அமைத்தாக வேண்டும். முழங்காலளவு நீரும் குழந்தையின் உயிரைப் பறிக்கும்.

இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பள்ளிக் குளத்திலிருந்து எதையும் எடுக்கவும் அதில் எதையும் விடவும் எவருக்கும் அனுமதி இல்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெரியவர்களுக்கும் இவ்விதி பொருந்தும். மீண்டும் நிகழ்ந்தால் தோட்ட வாயில் பூட்டப்படும், சாவி என்னிடம் இருக்கும். பிள்ளைகளின் மாலைப் பொழுதைப் பறிக்கும் அந்நிலை வர நான் விரும்பவில்லை.

வெயிலில் நின்று குழி வெட்டிய தந்தையருக்கும், மணல் சுமந்தோருக்கும், வேலை முடியும்வரை தேநீரும் வடையும் தந்து எங்களைத் தாங்கிய பாட்டிமார்களுக்கும் என் உளமார்ந்த நன்றி. உங்கள் உழைப்பில் அமைந்த குளம் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். விடுமுறையில் குளம் வெட்டத் திட்டமிடுவோர் பள்ளியின் மண்வெட்டிகளையும் அளவுக் கயிற்றையும் அலுவலகத்தில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நான்காம் பருவத்தின் முதல் நாளில் திருப்பித் தந்துவிடவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்