பேஸ்மென்டில் தண்ணீர்: சங்கக் கூட்டத்துக்கு ஒரு மீன்முள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் நெருங்கினால் சென்னை அடுக்குமாடிச் சங்கங்களில் பேஸ்மென்ட் தண்ணீர்தான் பேச்சு. கூட்டம் கலையும்போது பழி வாட்ச்மேன் தலையிலோ மாநகராட்சி தலையிலோ விழுந்திருக்கும். ஒரு பிரச்சினையின் காரணங்களை மீன் எலும்புக்கூடுபோல வரைந்து பிரித்துப் பார்ப்பது மீன்முள் வரைபடம். தொழிற்சாலைத் தரக் குழுக்கள் போடும் அந்தப் படம் இங்கும் உதவும். ஜப்பானின் கவோரு இஷிகாவா பரப்பிய முறை இது.

சார்ட் பேப்பரின் வலது ஓரத்தில் மீனின் தலை; பிரச்சினைக்கான இடம் அது. அதில் 'வடிகால் சரியில்லை' என்று எழுதக் கூடாது, அது காரணம். 'ஒரு மணி நேர மழையில் பி பிளாக் பேஸ்மென்டில் அரை அடி தண்ணீர்' என்று எழுதுங்கள். தலையிலிருந்து இடப்பக்கம் நீளும் நடுமுள்ளில், காரண வகைக்கு ஒன்றாக ஆறு பெரிய முட்கள்: ஆள், இயந்திரம், முறை, பொருள், அளவீடு, சூழல். ஆறும் நிரம்ப வேண்டியதில்லை. ஏழெட்டுப் பேர் போதும். எலக்ட்ரீஷியனும் வாட்ச்மேனும் கட்டாயம். முதல் பத்து நிமிடம் பேச்சில்லாமல், சீட்டுக்கு ஒரு காரணமாக எழுதட்டும்; பிறகு அவற்றை உரிய முள்ளில் சேருங்கள். இல்லாவிட்டால் செயலாளர் சொன்னதே காரணமாகிவிடும்.

'வாட்ச்மேன் மோட்டார் போடவில்லை' என்று ஒரு சீட்டு நிச்சயம் வரும். ஏன் போடவில்லை? சுவிட்ச் போர்டு பேஸ்மென்டில் இருக்கிறது. தண்ணீரில் நின்று அதைத் தொட யார் துணிவார்? நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒன்று சிக்கும்வரை 'ஏன்' கேளுங்கள். 'புது மோட்டார் இல்லை' என்பது காரணமே அல்ல, காரணம்போல வேஷம் கட்டிய செலவுத் திட்டம்.

படம் முடிந்ததும் எழுந்து போவதுதான் பெரிய தவறு. அதில் இருப்பதெல்லாம் யூகம்; கை தூக்கி வாக்கெடுத்தால் உண்மையாகிவிடாது. பேஸ்மென்ட் தண்ணீர் வந்து சேரும் குழியான சம்ப்பில் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தோடு மிதந்து எழும் ஃப்ளோட் சுவிட்ச் மோட்டாரைத் தானாக ஓட்டுகிறதா பாருங்கள். மோட்டார் நின்றதும் வெளியே போன தண்ணீர் திரும்பி வந்தால், அதைத் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள்.

இன்னும் நடக்காத ஆபத்தையும் தலையில் எழுதலாம். அப்போது ஒவ்வொரு முள்ளுக்கும் நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, முன்கூட்டித் தெரியாமல் போவதற்கு 1 முதல் 5 மதிப்பெண். பெருக்கி வரும் பெரிய எண்ணை முதலில் கவனியுங்கள். பாதிப்புக்குத் தனி மதிப்பெண் வேண்டாம், தலை ஒன்றுதானே.

இந்தப் படத்துக்கு ஒரு குறை உண்டு. மின்வெட்டு ஒரு முள், ஜெனரேட்டரில் டீசல் இல்லாதது இன்னொரு முள். தனித்தனியே வந்தால் சமாளிக்கலாம். ஒரே இரவில் சேர்ந்தால்தான் வண்டிகள் மூழ்கும். அந்தச் சேர்க்கை மீன்முள்ளில் தெரியாது. ஜோடி சேரக்கூடிய முட்களை நீங்களே சிவப்புக் கோட்டால் இணைத்துவிடுங்கள்.

தரக் கட்டுப்பாட்டுப் பயிற்றுநர்கள்,
அம்பத்தூர், சென்னை.