"நிறுத்துங்க சார், ஒரு மாப் குறையுது"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழைப் பிரித்தால் பாதிப் பக்கத்துக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி விளம்பரம். கோட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், மேலாளர்களுக்கு மட்டும், மதிய உணவு உண்டு. நான் வேலை பார்த்த மருத்துவமனையிலும் இப்படித்தான் துறைத் தலைவர்களை மட்டும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் மேஜையில் ஒரு புது ஃபைல் இருந்தது, அவ்வளவுதான் மாற்றம். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். தலைமையை ஒருத்தரிடம் மட்டும் கொடுத்து வைத்தால் மற்றவர்கள் கண்ணால் பார்த்ததைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் வயிற்று ஆபரேஷன், மூன்று மணி நேரம் ஓடி முடியப்போகும் சமயம். உள்ளே ரத்தத்தை ஒற்ற வைக்கிற துணியை மாப் என்போம், ஐந்து ஐந்தாகக் கட்டி வரும், கொடுத்ததும் திரும்பி வந்ததும் ஒத்துப்போனால்தான் வயிற்றை மூட வேண்டும். அன்றைக்குக் கொடுத்தது இருபது, வந்தது பத்தொன்பது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண், "சார், ஒண்ணு குறையுது" என்றாள், அதுவும் பாதிக் குரலில். "சரியா எண்ணும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் தையல் போட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி எண்ணினாள், மறுபடியும் பத்தொன்பது. அத்தனை வருஷ சர்வீஸ் உள்ள எனக்கே "நிறுத்துங்க சார்" என்று சொல்ல இரண்டு நிமிஷம் ஆனது, இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. நிறுத்தினார். உள்ளே தேடினோம், பக்கெட்டைக் கவிழ்த்தோம், எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னோம். அப்போதுதான் ஓரமாக நின்ற ஆயாம்மா, "அந்த ஸ்டூலுக்கு அடியில ஒண்ணு கிடக்கே, அதுவா பாருங்க" என்றார். அதேதான். அது விழுந்ததை அரை மணி நேரம் முன்பே பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "டாக்டர் இருக்கையில நான் எப்படிம்மா பேசறது?"

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு தடவை எல்லார் முன்னாலும் வாய் திறந்தவருக்கு அடுத்த தடவை அவ்வளவு தயக்கம் இருக்காது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வந்தது. சரி, பட்டியலை அச்சடித்து ஒட்டினால் போதுமா? கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் 101 மருத்துவமனைகளில் பார்த்தபோது குறிப்பிடும்படியான குறைவு எதுவும் இல்லை என்று 2014-ல் எழுதினார்கள். காரணம் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, ஆபரேஷன் முடிந்த பிறகு உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் மொத்தமாக டிக் போட்ட நாட்கள் எங்கள் தியேட்டரிலும் உண்டு.

எங்களிடம் மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்த டாக்டர்தான். அதற்குப் பிறகு, கணக்கு சரி என்று சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லாமல் அவர் ஊசியைக் கையில் வாங்கியதில்லை. ஆயாம்மாவிடமும், "கீழே ஏதாவது விழுந்திருக்கா?" என்று கேட்பார். முதல் மாதம் ஆயாம்மா தலையை மட்டும் ஆட்டினார், அப்புறம் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார், கடைசியில் எங்களையே அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்!

எல்லாரும் தலைவர் என்றால் வேலை நடக்குமா என்பார்கள். ரத்தம் பீறிடும்போது யாரும் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லவில்லை, அங்கே சர்ஜன் சொல்வதுதான். ஆனால் மாப் கணக்கில் சிஸ்டர் சொல்வதுதான், மயக்கத்தில் அனஸ்தீசியா டாக்டர் சொல்வதுதான், கருவி சுத்தமா என்பதில், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மெஷினைப் பார்க்கிறவர் சொல்வதுதான். அந்த நேரத்தில் மற்றவர்கள், பெரிய டாக்டரும் சேர்த்துத்தான், அவர் பேச்சைக் கேட்க வேண்டும்.

பொறுப்பை மட்டும் பங்கு போட்டுவிட்டு வேலை நிச்சயத்தைத் தராமல் இருந்தாலும் இது நடக்காது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் பெண் எந்தத் தைரியத்தில் சீஃபை நிறுத்தச் சொல்வாள்? "எனக்கெதுக்கு வம்பு" என்று அவள் ஒதுங்கினால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு ஹோட்டல் ஹால் பிடிக்கும்போது ஆயாம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், முன் வரிசையிலேயே. அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல், பஸ் காசும் கொடுத்து.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் செவிலியர்,
மதுரை.