சேமநிதியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகலை மாணவர்களின் பணச்சுமை பற்றி ஞாயிறு இதழில் வந்த செய்தி, உபகாரச் சம்பளம், கடன் என்பதோடு நின்றுவிட்டது. நம் மலேசிய ஊழியர் சேமநிதியின் மூன்று கணக்குகளில் ஒன்றான செஜாதெரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகும் இந்த வசதி உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலம் முழுதும் சந்தா கட்டிய எனக்கே அது தெரியாது. மகள் முதுகலையில் சேர்ந்தபோது மனைவியின் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துத்தான் பதிவுக் கட்டணம் கட்டினோம். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக் கிராணி (அலுவலக எழுத்தர்) சொன்னார். அதற்குள் ஆறு மாத வட்டி போயிருந்தது.

அது முதுமைக்கான காசு, சரி. எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவாவது விவரம் தெரிய வேண்டுமே! சேர்க்கைக் கடிதங்கள் வரும் மாதங்களில், தோட்டக் கோயில் மண்டபங்களில் சேமநிதி அதிகாரிகள் ஒருநாள் வந்து தமிழில் விளக்கி, படிவம் நிரப்பவும் உதவலாம்.

தோட்டத்துத் தகப்பன்,
சுங்கை சிப்புட்