சாஃப்ட்னர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க தண்ணியப் பாருங்க: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க,

கடைக்கு வர்றவங்க, போன் பண்றவங்க முக்கால்வாசிப் பேர் சாஃப்ட்னர் பத்தி, அதான் கடினத் தண்ணிய மென்மையாக்குற மிஷினப் பத்தி, கேக்குற மொத கேள்வி "எந்த மாடல் நல்லா இருக்கும்"னுதான். நாங்க உடனே பதில் சொல்லாம உங்க தண்ணில ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) எவ்ளோ, வீட்ல எத்தன பேரு, தண்ணி எங்கேந்து எப்படி வருதுன்னு திருப்பிக் கேட்டா சில பேருக்கு எரிச்சலா இருக்கு, காசு குடுக்குறேன் பொருளக் குடுன்னா எதுக்கு இவ்ளோ விசாரணைன்னு. இதெல்லாம் தெரியாம மாடல் சொல்றது காலைப் பாக்காம செருப்பு எடுத்துக் குடுக்குற வேலைதான். தனித்தனியா சொல்லி முடியல, அதான் எல்லாருக்கும் சேத்து ஒரு மடலா எழுதிட்டோம். கொஞ்சம் நீளந்தான், பொறுமையா படிச்சிருங்க. எங்ககிட்டதான் வாங்கணும்னு இல்ல, வேற எங்க போனாலும் கேக்க வேண்டியது இதேதான்.

மொதல்ல டிடிஎஸ் மீட்டர கீழ வைங்க. அந்தப் பேனா மாதிரி மீட்டர தண்ணில விட்டு "பாருங்க சார் 900 காட்டுது, உடனே சாஃப்ட்னர் போடணும்"னு யாராச்சும் சொன்னா அவருக்கு ஒண்ணு தெரியல, இல்ல தெரிஞ்சே சொல்றாரு. டிடிஎஸ்ங்கிறது தண்ணில கரைஞ்சிருக்குற எல்லா உப்பும் சேந்த கணக்கு, அதுல கால்சியமும் மெக்னீசியமும் எவ்ளோங்கறதுதான் ஹார்ட்னஸ், ஹீட்டர்ல வெள்ளையா கல்லு கட்டுறதும் சோப்பு நுரைக்காம போறதும் இந்த ரெண்டாலதான். ஒரே டிடிஎஸ் உள்ள ரெண்டு வீட்டுத் தண்ணில ஒண்ணு ரொம்ப கடினமாவும் இன்னொண்ணு சுமாராவும் இருக்கலாம். ஹார்ட்னஸ் பாக்குறதுக்குன்னே சொட்டு போட்டு எண்ணுற டெஸ்ட் கிட் இருக்கு, தண்ணில இண்டிகேட்டர் போட்டா சிவப்பாகும், அப்புறம் கிட்ல வர்ற இன்னொரு மருந்த சொட்டு சொட்டா விட விட நீலமா மாறும், மாறுற வரைக்கும் எத்தன சொட்டுன்னு எண்ணுனா கணக்கு வந்துரும், ஒரு சொட்டுக்கு எத்தன பிபிஎம்ங்கறது கிட்லயே போட்டிருக்கும். லேப்ல குடுத்து எடுத்தா இன்னும் நல்லது. ரிப்போர்ட்ல கால்சியம் கார்பனேட் கணக்குல மில்லிகிராம்/லிட்டர்னு இருக்கும், பிபிஎம்னாலும் அதேதான். சில கம்பெனி பேப்பர்ல கிரெய்ன்னு போட்டிருப்பாங்க, ஒரு கிரெய்ன்னா 17.1 பிபிஎம்.

பொதுவா 60 வரைக்கும் மென்மையான தண்ணி, 120 வரைக்கும் சுமார், 180 தாண்டிட்டா ரொம்ப கடினம்னு வச்சிருக்காங்க. 100, 120ல இருக்குற வீட்டுக்கு சாஃப்ட்னர் வேணாம்னு நாங்களே சொல்லி அனுப்பிருவோம், ஹீட்டர அப்பப்ப கிளீன் பண்ணிக்கிட்டா போதும். போர் தண்ணின்னா மழைக்கு அப்புறம் ஒரு அளவும் வெயில் காலத்துல ஒரு அளவும் வரலாம், அதுனால மோசமா இருக்குற நேரத்துல எடுத்த அளவ வச்சு கணக்குப் போடுங்க.

அடுத்தது சாஃப்ட்னர் எத சரி பண்ணாதுங்கறது. இதுல ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி. தண்ணி வாயில வச்சா உப்புக் கரிக்குதா? அது சோடியம் குளோரைடு, சாஃப்ட்னர் அதத் தொடவே தொடாது. ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி இதெல்லாத்துக்கும் சாஃப்ட்னருக்கும் சம்பந்தமே இல்ல. சாஃப்ட்னர் பண்றது ஒரே ஒரு மாத்துவேலை, கால்சியம் மெக்னீசியத்த உள்ள இருக்குற ரெசின் (குட்டிக் குட்டி மணியா இருக்குற பொருள்) புடிச்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பதிலா சோடியத்த விடும், அவ்ளோதான். 40 மில்லிகிராம் கால்சியம் போனா 46 மில்லிகிராம் சோடியம் வரும், ஆக டிடிஎஸ் குறையாது, ஒரு துளி ஏறத்தான் செய்யும். மாட்டுனதுக்கு அப்புறம் மீட்டர விட்டுப் பாத்துட்டு "அப்படியே இருக்கே, ஏமாத்திட்டீங்களா"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்காகத்தான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றோம். சாஃப்ட்னர் ஓடுதா இல்லையான்னு பாக்கணும்னா அதே சொட்டு டெஸ்ட்தான், மொத சொட்டுலயே நீலம் வரணும்.

இரும்பு இருக்கான்னும் பாத்துருங்க. குழாயில புடிக்கும்போது தெளிவா இருந்து, வெள்ளை பக்கெட்ல சில மணி நேரம் வச்சா மஞ்சளாவோ பழுப்பாவோ மாறுதுன்னா அது இரும்பாத்தான் இருக்கும். கொஞ்சமா இருந்தா ரெசின் தாங்கிக்கும், நெறய இருந்தா ரெசின் மேல ஏறி ஒட்டிக்கிட்டு நாளுக்கு நாள் வேலை குறைஞ்சுரும், அப்ப முன்னாடி அயர்ன் ஃபில்டர் கண்டிப்பா வேணும். மண்ணு கலந்து வந்தா அதுக்கும் முன்னாடியே ஒரு ஃபில்டர். குளோரின் போட்ட தண்ணியும் ரெசின மெதுவா அரிக்கும், அதுனால குளோரின் ஜாஸ்தியா வர்ற இடம்னா ரெசின்ல கிராஸ்லிங்க் (ரெசின் எவ்ளோ உறுதியா பின்னியிருக்குங்கற அளவு) 8 சதவீதமா 10 சதவீதமான்னு கேட்டு 10 வாங்குங்க, இல்ல முன்னாடி கார்பன் ஃபில்டர் போடுங்க.

இப்ப முக்கியமான கணக்குக்கு வருவோம். டேங்கோட உயரத்தப் பாத்து மயங்காதீங்க, உள்ள ரெசின் எத்தன லிட்டர்னு கேளுங்க. நல்ல டேங்க்ல பாதிக்குப் பக்கமா மேல காலியாத்தான் விட்டிருப்பாங்க, பேக்வாஷ், அதான் கீழேந்து மேல தண்ணி விட்டு அலசுறது, பண்ணும்போது ரெசின் மேல எழும்பி அழுக்க விடுறதுக்கு எடம் வேணும்ல, அதுனால வெளிய பாக்குற சைஸ் ஒண்ணும் சொல்லாது. ஒரு வீட்ல அஞ்சு பேரு, ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர்னு வச்சா 750 லிட்டர். ஹார்ட்னஸ் 400ன்னு வைங்க, அப்ப ஒரு நாளைக்கு ரெசின் புடிக்க வேண்டியது 300 கிராம். 25 லிட்டர் ரெசின் இருக்குன்னா எத்தன நாள் தாங்கும்?

ரெசின் புடிச்சு வச்ச கால்சியம் மெக்னீசியத்த உப்புத் தண்ணி விட்டு வெளியேத்தி ரெசின புதுப்பிக்கிறதுக்குப் பேருதான் ரீஜெனரேஷன். எத்தன நாள் தாங்கும்ங்கறது நீங்க எவ்ளோ உப்பு போட்டு அப்படிப் புதுப்பிக்கிறீங்கங்கறதப் பொறுத்தது, இதத்தான் விக்கிறவங்க யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்புக்குக் கொஞ்சம் கம்மியா விட்டா அது சுமார் 46 கிராம் ஹார்ட்னஸ் புடிக்கும். அதுக்கே 240 கிராம் உப்பு விட்டா ஏறக்குறைய 69 கிராம் புடிக்கும். உப்பு ரெண்டரை மடங்கு ஆச்சு, புடிக்கிறது ஒன்றரை மடங்குதான் ஆச்சு. பேப்பர்ல பெருசா போடுற கெப்பாசிட்டி நம்பர் பல நேரம் இந்த ரெண்டாவது கணக்குலதான் இருக்கும். நம்ம அஞ்சு பேர் வீட்டுக்கு மொத கணக்குல போனா கிட்டத்தட்ட நாலு நாளைக்கு ஒருக்கா ரீஜெனரேஷன், தடவைக்கு 2.4 கிலோ உப்பு, மாசம் 19 கிலோகிட்ட. ரெண்டாவது கணக்குல ஆறு நாளுக்குக் கிட்ட வரும், ஆனா தடவைக்கு ஆறு கிலோ, மாசம் 31 கிலோ. அதே தண்ணி, அதே வீடு. சின்ன மிஷின பெருசுன்னு காட்டி வித்துட்டு அந்த நஷ்டத்த மாசாமாசம் உப்பு மூட்டையா உங்க தலைல கட்டுற வேலை இது. அதுனால கெப்பாசிட்டி சொன்னாங்கன்னா "எத்தன கிலோ உப்புக்கு இந்த கெப்பாசிட்டி"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, ஆளு விஷயம் தெரிஞ்சவரா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுரும்.

ரெசின் பத்தலன்னா இன்னொரு தொல்லை, தண்ணி வேகம். மணிக்கு ரெசின் அளவுல ஒரு 40 மடங்கு தண்ணிதான் மேக்ஸிமம்னு வச்சுக்கலாம், 25 லிட்டருக்கு 1000 லிட்டர், நிமிஷத்துக்கு 16, 17 லிட்டர். ரெண்டு ஷவர் ஒண்ணா ஓடுனாலே அந்தப் பக்கம் வந்துரும். அதுக்கு மேல போனா தண்ணி வரும், ஆனா முழுசா மென்மையாகாம வரும்.

சரி, பிரஷர். மேல்தொட்டி வச்ச வீடுங்கள்ல நாங்க பாத்த தகராறுல பாதி இதுதான். தண்ணி 10 மீட்டர் ஒசரத்துலேந்து விழுந்தாத்தான் 1 பார் பிரஷர். தொட்டி மூணு மீட்டர் மேல இருந்தா 0.3 பார். ஆட்டோமேட்டிக் வால்வு பெரும்பாலும் 1.4 பாராவது கேக்கும், ஏன்னா உப்புத் தண்ணிய உறிஞ்சி இழுக்குற சின்ன இஞ்செக்டர் ஒண்ணு உள்ள இருக்கு, பிரஷர் இல்லன்னா அது இழுக்காது. வெளிய பாத்தா எல்லாம் ஓடுற மாதிரிதான் இருக்கும், டிஸ்ப்ளேல லைட்டு எரியும், மோட்டார் சத்தம் கேக்கும், உப்பு மட்டும் மாசக்கணக்குல குறையவே குறையாது, தண்ணியும் பழையபடி கடினமாவே வரும். அந்த மாதிரி வீட்டுக்கு தொட்டிக்கு அப்புறம் பிரஷர் பம்ப் வேணும், அந்தச் செலவையும் சேத்துத்தான் பட்ஜெட் போடணும். இல்லன்னா கீழேந்து தொட்டிக்கு ஏத்துற லைன்லயே சாஃப்ட்னர மாட்டலாம், ஆனா அதுலயும் ரெண்டு விஷயம் இருக்கு. பம்பு மணிக்கு 3000 லிட்டர் தள்ளுச்சுன்னா சின்ன ரெசின் தாங்காது. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு ரீஜெனரேஷன்னு செட் பண்ணி வச்சிருப்பாங்க, அந்த நேரத்துல பம்பு ஓடாது, பம்பு ஓடலன்னா பிரஷர் ஏது. இந்த எடத்துல கைல திருப்புற மேனுவல் வால்வுதான் எங்க கணக்குல நல்லது, பம்ப போட்டுக்கிட்டு நீங்களே பண்ணிக்கலாம், ஞாபகம் வச்சு பண்ணணும் அவ்ளோதான்.

ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா நாள் கணக்குல ஓடுற டைமர் வேணாம், ஓடுன லிட்டர எண்ணுற மீட்டர் வச்சதா வாங்குங்க. ஊருக்குப் போயி வீடு பூட்டிக் கிடந்தாலும் டைமர் அதுபாட்டுக்கு உப்பையும் தண்ணியையும் கொட்டிக்கிட்டே இருக்கும். ரீஜெனரேஷன் நடக்குற ஒண்ணு ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குள்ள கடினத் தண்ணிதான் வரும், அது ஆவாதுன்னா ரெண்டு டேங்க் உள்ளது இருக்கு, சாதாரண வீட்டுக்கு அது தேவையில்ல.

ஒவ்வொரு தடவையும் ரெசின் அளவப் பொறுத்து நூறு, இருநூறு லிட்டர் உப்புத் தண்ணி வெளிய போகும். அது எங்க போகுதுன்னு மாட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. தோட்டத்துல விட்டா செடி போச்சு, மண்ணும் போச்சு, கிணத்துப் பக்கம் போர் பக்கம் விட்டா நம்ம தண்ணிலயே நாம உப்பு கலக்குறோம். டிரெய்ன் பைப்ப சாக்கடைக்குள்ள முக்கி வைக்காம மேல ஒரு இடைவெளி விட்டு வைக்கச் சொல்லுங்க, அழுக்குத் தண்ணி திரும்பி உறிஞ்சாம இருக்கும்.

குடிக்கிறதுக்கு, சமைக்கிறதுக்கு என்ன பண்றதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. 100 பிபிஎம் ஹார்ட்னஸ் எடுத்தா லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும், 400 இருந்த தண்ணில 184 மில்லிகிராம். ரத்தக் கொதிப்பு, கிட்னி, இதய நோய்க்கு உப்பு குறைக்கச் சொல்லிருக்குறவங்க, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீடு, இவங்கல்லாம் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுருங்க. சுலபமான வழி, அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் சாஃப்ட்னருக்கு முன்னாடியே தனி லைன் எடுத்துர்றதுதான். ஆர்ஓ வச்சிருந்தா மென்மையான தண்ணிய அதுக்குள்ள விடலாம், மெம்பிரேன்ல கல்லு கட்டாது, சோடியத்தையும் அது பெரும்பாலும் எடுத்துரும். சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு போட்டா நல்லதுன்னு படிச்சுட்டு வர்றாங்க, போடலாம்தான், ஆனா கிட்னி பிரச்சன உள்ள வீட்ல அதுவே ஆபத்து.

அப்புறம் "உப்பே வேணாம், மெயிண்டனன்ஸே கிடையாது"ன்னு விக்கிற காந்தம், எலக்ட்ரானிக் சுருள் இதெல்லாம். அது எதுவும் கால்சியத்த எடுக்குறது இல்ல, டெஸ்ட் பண்ணா ஹார்ட்னஸ் முன்ன இருந்த அளவுலதான் இருக்கும். டிஏசின்னு ஒரு வகை இருக்கு, அது கால்சியத்த நுண்ணிய படிகமா மாத்தி ஒட்டாம வைக்கும், கல்லு கட்டுறத ஓரளவு குறைக்குது, ஆனா சோப்பு நுரைக்காது, அதுக்கு சாஃப்ட்னர்னு பேர் வைக்கிறது தப்பு. காந்தத்த நாங்க விக்கிறதே இல்ல, கேட்டு வந்தாலும் திருப்பித்தான் அனுப்புறோம்.

மிச்சமெல்லாம் சின்னது. பைபாஸ் வால்வு (சாஃப்ட்னருக்குள்ள போகாம தண்ணிய நேரா வீட்டுக்கு விடுற வால்வு) இல்லாம மாட்ட விடாதீங்க. என்எஸ்எஃப்/ஆன்சி 44ன்னு சாஃப்ட்னருக்குன்னே ஒரு தரச் சான்று இருக்கு, இருந்தா நல்லது. உப்பு டேங்க்ல அயோடின் போட்ட தூள் உப்பு போடாதீங்க, கட்டி புடிச்சு மேல ஓடு மாதிரி நின்னுக்கும், கீழ தண்ணிக்கு உப்பு எட்டாது, சுத்தமான கல் உப்போ மாத்திரை உப்போ போடுங்க. மாட்டுன மொத வாரம் குளிச்சா சோப்பு போகாம வழுக்குற மாதிரி இருக்கும், மிஷின்ல கோளாறு இல்ல, மென்மையான தண்ணி அப்படித்தான், சோப்ப பாதியாக் குறைங்க.

எங்ககிட்ட டெஸ்ட் பண்ணணும்னா ஒரு லிட்டர் சுத்தமான பாட்டில்ல கொண்டு வாங்க, கூல்டிரிங்ஸ் பாட்டில்னா அதே தண்ணில நாலஞ்சு வாட்டி அலசிட்டு. தொட்டிலேந்து எடுக்காம போர் குழாயிலயோ மெயின் லைன்லயோ ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு எடுங்க. ரெண்டு எடத்துத் தண்ணியும் வர்ற வீடுன்னா ரெண்டு பாட்டில், எது எதுன்னு மேல எழுதி ஒட்டிருங்க. கூடவே தொட்டி எவ்ளோ ஒசரத்துல இருக்கு, பம்பு எத்தன எச்பி, டிரெய்ன் எந்தப் பக்கம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு வந்தா, கணக்கு அங்கயே போட்டுக் குடுத்துருவோம்.

அன்புடன்,
உங்க கடை ஆளுங்க