லாகை வேறு மெஷினில் வையுங்கள்: கோவை, திருப்பூர் சிறு நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

உங்களைப் போன்றவர்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. சர்வர் நின்றால் அடுத்த நிமிடம் போன் வருகிறது. அதற்குள் யார் வந்து போகிறார்கள் என்ற பதிவு, அதாவது லாக், எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அண்மையில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன. பேக்கப் இருந்ததால் கணக்கு பிழைத்தது. "எவன் சார் உள்ளே வந்தான், எப்படி வந்தான்?" என்று முதலாளி கேட்டார். பதில் சொல்ல லாக் இல்லை. வந்தவன் அதையும் துடைத்துவிட்டுப் போயிருந்தான். வேறு மெஷினில் ஒரு பிரதி இருந்திருந்தால் அது தப்பியிருக்கும். எந்த ஓட்டை என்று தெரியாததால் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

லாக் என்னதான் சொல்லும்? சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியான எஸ்எஸ்எச் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால், அதைத் தானியங்கி நிரல்களான போட்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' என்று வரிவரியாக ஓடும். அது தினசரி இரைச்சல். அதே ஐபி முகவரியிலிருந்து திடீரென 'அக்செப்டட் பாஸ்வேர்ட்' என்று ஒரு வரி வந்தால், அதுதான் ஆள் உள்ளே நுழைந்த நேரம். அந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதி விசாரணை முடிந்தது.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசம் அதே ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனால் பல சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டுவை அப்படியே விட்டால் முக்கியமான லாக்குகள் வாரம் ஒருமுறை சுழன்று, நான்கு பழைய பிரதிகள்தான் மிஞ்சும். 180 நாள் எங்கே, ஒரு மாதம் எங்கே!

லாகை வேறு மெஷினில் சேர்க்கப் பெரிய மென்பொருள் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் கொஞ்சம் பொறுங்கள். கிரேலாக், வாசூ எல்லாம் நல்லவைதான். ஆனால் ரேமும் கவனிக்க ஆளும் கேட்கும். உங்கள் அளவுக்கு, லாகை இன்னொரு மெஷினுக்கு அனுப்பும் ஆர்சிஸ்லாக் என்ற சிறு மென்பொருள் போதும். இலவசம். உபுண்டு சர்வரில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்பு முதல் நாமே நிறுவ வேண்டும். அனுப்பும் சர்வரில் ஒரு சிறிய கான்ஃபிக் ஃபைல், வாங்கும் மெஷினில் இன்னொன்று, அவ்வளவுதான். அனுப்பும் முறைகளில் யூடிபி என்றால் வரிகள் வழியில் தொலையலாம், அதனால் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் டிசிபி. முடிந்தால் வழியில் யாரும் படிக்காதபடி டிஎல்எஸ் குறியாக்கம் போட்டு 6514 போர்ட். வாங்கும் மெஷின் அணைந்திருந்தால் லாக் காத்திருக்க டிஸ்க்கில் ஒரு வரிசையும் அமைக்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம் கடிகாரம். ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் எழுதினால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். மத்திய அரசு நிறுவனங்களான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு இணைக்கச் சொல்லி அதே செர்ட்-இன் உத்தரவிலேயே இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பணம் அல்ல. மூலையில் கிடக்கும் ஒரு டெஸ்க்டாப், அதில் ஒரு டெராபைட் டிஸ்க், உங்கள் சர்வரைப் பார்ப்பவருக்கு ஒரு மதிய நேரம். அந்த மெஷினுக்கு வேறு பாஸ்வேர்ட் வையுங்கள். பில்லிங் சர்வரின் எஸ்எஸ்எச் சாவியைக் கொண்டு அந்த மெஷினுக்குள் நுழைய முடியக்கூடாது. வேலை முடிந்ததும் அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, மெயின் சர்வரில் வேண்டுமென்றே ஒரு தவறான பாஸ்வேர்ட் போடச் சொல்லுங்கள். அந்த வரி மற்ற மெஷினில் வந்து விழுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின், திருப்பூர்